தளராத வாயில்: முதல் சிகிச்சை தோற்றபின் உணவுக்குழாய்க்குச் செய்வது என்ன?

ஒரு கவளம் சோற்றை மென்று விழுங்கியதும் நம் வேலை முடிந்துவிட்டதென எண்ணுகின்றோம். உண்மையில் உடலின் வேலை அப்பொழுதுதான் தொடங்குகின்றது. தொண்டையிலிருந்து இரைப்பை வரையில், ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக்குழாய் ஒன்று மார்பினுள்ளே இறங்குகின்றது. இதனை உணவுக்குழாய் என்கின்றோம். கவளம் தானாக இதனுள் விழுவதில்லை. குழாயின் தசைகள் மேலிருந்து கீழாக அலைபோல் சுருங்கி அதனைத் தள்ளிச் செல்கின்றன. ஆதலின் ஒருவர் தலைகீழாக நின்று நீர் பருகினாலும் அந்நீர் இரைப்பைக்கே சென்று சேரும்.

குழாயின் கடைசியில் ஒரு வாயில் இருக்கின்றது. கதவு போன்ற தனி உறுப்பன்று அது. வளையமாகச் சுருங்கி நிற்கும் தசையே வாயிலாக அமைந்துள்ளது. இரைப்பையின் அமிலம் மேலே ஏறாதபடி அது எப்பொழுதும் மூடியிருக்கும். நாம் விழுங்கும்போது மட்டும் சில நொடி தளர்ந்து வழிவிடும். பின்னர் மீண்டும் மூடிக்கொள்ளும். இந்தத் தளர்ச்சி நிகழாமற் போனால் என்னவாகும்? உண்டது உள்ளே போகாது, பருகியதும் போகாது. குழாய் நிரம்பி, நாளடைவில் பை போல் விரிந்துவிடும். இந்நோயைப் பற்றியும், ஒருமுறை சிகிச்சை செய்தும் இது தீராதபோது இன்றைய மருத்துவர் கையாளும் அகநோக்கு மருத்துவத்தைப் பற்றியும் இங்கே காண்போம்.

நோயின் பெயர் அக்கலேசியா. கிரேக்கச் சொல், 'தளராமை' என்பது பொருள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆர்தர் ஹர்ஸ்ட் என்னும் ஆங்கில மருத்துவர் இப்பெயரை நிலைபெறச் செய்தார். அதற்கு முன்பு இது 'கார்டியோஸ்பாசம்' எனப்பட்டது. வாயில் வலிப்புற்று இறுகிக்கொள்கின்றது என்பது அச்சொல்லின் கருத்து. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றலாம். சொல்லாராய்ச்சியிற் பழகிய தமிழாசிரியர்கள் அப்படிக் கூறமாட்டார்கள். இறுகுதல் ஒரு செயல். தளராமை ஒரு செயலின் இன்மை. வாயில் எதனையோ மிகுதியாகச் செய்கின்றது என்று முன்னையோர் கருதினர். செய்ய வேண்டியதைச் செய்யத் தவறுகின்றது என்பதே உண்மை. பிற்கால ஆராய்ச்சி ஹர்ஸ்டின் பக்கமே சாய்ந்தது.

காரணம் நரம்பில் இருக்கின்றது. உணவுக்குழாயின் இரு தசைப் படலங்களுக்கு நடுவே ஒரு நரம்பு வலை பரவியுள்ளது. கண்டறிந்தவர் பெயரால் அதனை அவர்பாக் வலை என்பர். அதில் தசையைச் சுருக்கும் அணுக்களும் உண்டு. தளர்த்தும் அணுக்களும் உண்டு. இந்நோயில் தளர்த்தும் அணுக்களே முதலில் அழிகின்றன. உடலின் எதிர்ப்பாற்றல் தன் நரம்பையே தவறாகத் தாக்குவதால் இது நேர்கின்றது எனப் பலரும் கருதுகின்றனர். தென் அமெரிக்காவில் சாகஸ் என்னும் ஒட்டுண்ணி நோயும் இதே அழிவைச் செய்கின்றது. எப்படி அழிந்தாலும், இறந்த நரம்பணுவை மீட்கும் மருந்து இன்றளவும் இல்லை. இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்நோய்க்குச் செய்யப்படும் சிகிச்சை எதுவும் நோயை வேரறுப்பதன்று. திறக்க மறுக்கும் வாயிலின் வலுவைக் குறைத்து உணவுக்கு வழி உண்டாக்குகின்றது, அவ்வளவே.

ஆண்டொன்றுக்கு இலட்சம் பேரில் ஓரிருவருக்குத்தான் இது புதிதாகத் தோன்றுகின்றது. அரிய நோயானதால் அறிந்துகொள்வதிலும் காலம் கழிகின்றது. நெஞ்செரிச்சல் என்று மருந்து கொடுப்பர். மனக்கவலை என்று ஆறுதல் சொல்வர். நோயாளியோ ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்து, நெஞ்சை நிமிர்த்தி, எழுந்து நடந்து, எப்படியாவது சோற்றை இறக்கப் பார்க்கின்றார். இரவில் படுத்தால் உண்டது செரிக்காமல் வாய்வழி வருகின்றது, தலையணை நனைகின்றது, இருமல் எழுப்பிவிடுகின்றது. திருமண விருந்துக்கு அழைத்தால் ஏதேனும் காரணம் சொல்லி ஒதுங்கிக்கொள்கின்றார். இலையில் அமர்ந்து நாலு பேர் முன்னிலையில் கக்க நேருமோ என்னும் அச்சந்தான். வீட்டிலும் எல்லாரும் உண்டபின் தனியே உண்கின்றார். உடல் இளைப்பதைவிட இந்தத் தனிமை கொடிதென்று நோயாளிகள் கூறுவதுண்டு.

மருத்துவ வரலாற்றில் இந்நோயின் முதற் சிகிச்சை ஒரு விந்தைக் கதை. 1674ஆம் ஆண்டில் வெளிவந்த நூலொன்றில் தாமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கில மருத்துவர் அதனை எழுதியுள்ளார். உண்டதெல்லாம் கக்கிவிடும் ஒருவருக்கு, திமிங்கிலத்தின் எலும்பை நீண்ட கோலாகச் செய்து, அதன் நுனியில் கடற்பஞ்சைக் கட்டிக் கொடுத்தார் வில்லிஸ். அம்மனிதர் உண்டபின் அக்கோலைத் தொண்டைக்குள் விட்டு, வாயிலைத் தள்ளித் திறந்து உணவை இறக்குவார். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டு அவ்வாறே உயிர் வாழ்ந்தாராம். சிரிப்பதா வியப்பதா என்று தெரியவில்லை. ஆயினும் பிற்கால மருத்துவர் செய்தவை அனைத்தும் வில்லிசின் எண்ணத்தையே பின்பற்றியவை. வாயிலை வலிந்து திறப்பதே அவ்வெண்ணம்.

இன்றைய முதற் சிகிச்சைகளைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். ஒன்று பலூன். 30 மில்லிமீட்டர் முதல் 40 மில்லிமீட்டர் வரை விரியும் வலிய பலூனை வாயிலுக்குள் வைத்துக் காற்றால் விரித்துத் தசைநார்களைக் கிழிப்பது. மற்றொன்று ஊசி. கெட்ட உணவில் விளையும் பொட்டுலினம் என்னும் கொடிய நஞ்சை மிகச் சிறு அளவில் வாயில் தசையினுள் செலுத்தினால் அத்தசை சில மாதம் சோர்ந்து கிடக்கும். இதனை ஆய்ந்து 1995இல் வெளியிட்டவர்களுள் முதன்மையானவர் பங்கஜ் பஸ்ரிச்சா. ஊசியின் பயன் நிலைப்பதில்லை. திரும்பத் திரும்பப் போட்டால் அவ்விடத்தில் தழும்பு படர்ந்து பின்னைய சிகிச்சைக்கு இடையூறாகின்றது. ஆதலின் அறுவையைத் தாங்க முடியாத முதியோர்க்கே அது பெரும்பாலும் உரியது.

மூன்றாவதும் முதன்மையானதும் அறுவை. 1913இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் எர்ன்ஸ்ட் ஹெல்லர் என்பவர் இதனைச் செய்தார். குழாயின் உட்தோலைத் தொடாமல், வெளியிலிருந்து தசையை மட்டும் நெடுகக் கீறிவிட்டார். அவர் முன்னும் பின்னுமாக இரண்டு கீறல் இட்டார். பிறகு வந்தோர் முன்புறக் கீறல் ஒன்றே போதும் என்று கண்டனர். 1990களில் இந்த அறுவை வயிற்றில் சிறு துளைகளிட்டுச் செய்யும் முறைக்கு மாறியது. வாயிலைக் கீறிவிட்டால் அமிலம் மேலேறுமல்லவா? அதைத் தடுக்க இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு மடிப்பை எடுத்துக் குழாய்மேல் போர்த்தித் தைப்பதும் வழக்கமாயிற்று. நூற்றாண்டு கடந்த பின்னும் ஹெல்லரின் முறை நன்முறையே. 2011இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வொன்று பலூனையும் ஹெல்லர் அறுவையையும் ஒப்பிட்டது. இரண்டாண்டு முடிவில் பலூன் பெற்றோரில் நூற்றுக்கு 86 பேரும், அறுவை பெற்றோரில் நூற்றுக்கு 90 பேரும் நலமாயிருந்தனர்.

மிஞ்சிய பத்துப் பேரின் நிலை என்ன? இக்கட்டுரை அவர்களைப் பற்றியது. ஆண்டுகள் செல்லச் செல்ல அவர்களோடு வேறு சிலரும் சேர்கின்றனர். அறுவையும் செய்துகொண்டாயிற்று, இனி என்ன இருக்கின்றது என்று மனமொடிந்து பழையபடி கஞ்சியும் தண்ணீருமாக வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்வோர் அவர்களுட் பலர்.

முதல் சிகிச்சை தோற்றதற்குக் காரணம் காணாமல் இரண்டாவதைத் தொடங்குவது இருட்டில் அம்பெய்வது போன்றதாகும். கீறல் போதுமானவரை இரைப்பைப் பக்கம் நீளாமல் நின்றிருக்கலாம். தோல்விக்கு அடிக்கடி காணப்படும் காரணம் இதுவே. அறுத்த தசை தழும்பால் மீண்டும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். தசை நன்றாகத் திறந்திருந்தும், மேலே போர்த்திய மடிப்பு இறுக்கமாகி வழியை நெருக்கலாம். அப்பொழுது தசையை மேலும் கீறிப் பயனில்லை. மடிப்பைத்தான் தளர்த்த வேண்டும். வாயில் திறந்துபோனதால் அமிலம் ஏறி, உட்தோல் புண்பட்டு ஆறி, அந்தத் தழும்பே வழியைச் சுருக்கியிருக்கலாம். இங்கேயும் தசைக்கீறல் தவறான மருந்து. குழாய் மிகப் பெருத்து வளைந்து தொங்கிவிட்டதானால், வாயில் திறந்தே இருந்தாலும் உணவு வளைவில் தேங்கிக் கிடக்கும். எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது ஒன்றுண்டு. வாயிலருகே வளரும் புற்றுநோய் அக்கலேசியாவைப்போலவே வேடமிட்டு வரும். நெடுநாள் அக்கலேசியா உடையவர்க்கு உணவுக்குழாயில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பும் மற்றவரினும் மிகுதி. ஆகையால் மீண்டும் விழுங்க முடியவில்லை என்று வருபவருக்கு முதலிற் செய்வது அகநோக்கியால் உள்ளே பார்ப்பதாகும்.

அடுத்துப் பேரியம் கலந்த நீரைப் பருகச் செய்து எக்ஸ்ரே படம் எடுக்கின்றனர். மேலே விரிந்தும் கீழே கூராகியும் பறவையின் அலகுபோல் அப்படம் தோன்றும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் என்று காலம் குறித்து எடுத்தால் எவ்வளவு பேரியம் தேங்கி நிற்கின்றதென்பது தெரியும். மூக்கின் வழியே மெல்லிய குழாயை விட்டு வாயிலின் அழுத்தத்தை அளப்பதும் உண்டு. நீர் நிரப்பிய சிறு பலூனை வாயிலில் நிறுத்தி, அது எவ்வளவு விரிந்து கொடுக்கின்றதெனக் காண்பது அண்மைக்கால முறை. அழுத்தம் இன்னும் மிகுதி, வாயில் விரியவில்லை என்று இவை காட்டினால், தசையில் அறுபடாத பகுதி மிஞ்சியிருக்கின்றது என்று பொருள். அத்தகைய நோயாளிக்கே இனிக் கூறப்போகும் சிகிச்சை ஏற்றது.

1868இல் ஜெர்மானியராகிய குஸ்மால், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் துணைகொண்டு நேரான உலோகக் குழாயை இரைப்பைக்குள் இறக்கிப் பார்த்தார். வளையும் கண்ணாடி இழைகளாலான கருவியை 1957இல் அமெரிக்காவில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் முதலில் தம் தொண்டைக்குள்ளேயே விட்டுச் சோதித்தார். பார்ப்பதற்கென்று வந்த கருவி நாளடைவில் வெட்டவும், எரிக்கவும், தைக்கவும் கற்றுக்கொண்டது. அப்படியானால் உணவுக்குழாயின் உட்புறத்திலிருந்தே தசையைக் கீறினால் என்ன? 1980இல் ஒர்ட்டேகா என்பார் உட்தோலையும் தசையையும் ஒருசேரக் கீறிப் பார்த்தார். உட்தோல் கிழிந்தால் உமிழ்நீரும் உணவும் மார்புக்கூட்டினுள் கசிந்து உயிருக்கே கேடாகும் என்னும் அச்சத்தால் அம்முறை பரவவில்லை. 2007இல் முன்னே கூறிய பஸ்ரிச்சாவும் அவருடன் உழைத்தோரும் பன்றிகளிடத்துப் புதிய வழியைக் காட்டினர். உட்தோலுக்கும் தசைக்கும் நடுவே சுரங்கம் தோண்டி, அதன் வழியே சென்று தசையை அறுப்பதே அவ்வழி.

அதனை மனிதரிடத்து முதன்முதல் செய்தவர் ஜப்பானிய மருத்துவர் ஹருஹிரோ இனோயெ. 2008இல் யோகோஹாமாவில் அது நடந்தது. பதினேழு நோயாளிகளிடம் கண்ட பயனை 2010இல் அவர் வெளியிட்டார். 'வாய்வழி அகநோக்குத் தசைக்கீறல்' என்று இதனைத் தமிழில் சொல்லலாம். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'போயம்' என்று அழைக்கின்றனர். ஆங்கிலத்தில் அது கவிதையையும் குறிக்கும். பெயர் சூட்டியவர்கள் வேண்டுமென்றே செய்தார்களோ என்னவோ, மருத்துவ உலகில் இவ்வளவு இனிய பெயர் அமைவது அரிது.

செய்யும் முறை இது. நோயாளியை முழு மயக்கத்தில் ஆழ்த்துகின்றனர். அகநோக்கி வாய்வழியே இறங்குகின்றது. குழாயின் நடுப்பகுதியில், உட்தோலுக்கடியில் நீலச் சாயம் கலந்த உப்புநீரை ஊசியால் செலுத்துகின்றனர். உட்தோல் கொப்புளமாக எழும்புகின்றது. அதில் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் கீறி, கருவியின் முனையை உள்ளே நுழைக்கின்றனர். பிறகு சிறிது நீலநீர், சிறிது கீறல், மீண்டும் நீலநீர் என்று அடியடியாக முன்னேறிச் சுரங்கம் அமைக்கின்றனர். நீலநிறம் பூசிய படலம் ஒருபுறம், வெண்ணிறத் தசை மறுபுறம் என வழி தெளிவாகத் தெரிகின்றது. சுரங்கம் வாயிலைக் கடந்து இரைப்பைச் சுவருக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் செல்ல வேண்டும். அதன்பின் தசையைக் கீறிக்கொண்டே வருகின்றனர். முடிவில் நுழைந்த துளையைச் சிறு உலோகக் கவ்விகளால் மூடிவிடுகின்றனர். நுழைந்த இடம் வேறு, கீறிய இடம் வேறு. இரண்டிற்கும் இடையே முழுமையான உட்தோல் போர்வையாக நிற்கின்றது. ஒர்ட்டேகாவைத் தடுத்த அச்சம் இவ்வாறு நீங்கியது. வயிற்றிலோ மார்பிலோ வெளித்தழும்பு ஒன்றும் இராது.

முன்பே ஹெல்லர் அறுவை செய்துகொண்டவரிடத்தில் இம்முறை ஏன் சிறப்புடையது? பழைய இடத்தை வெளியிலிருந்து மறுபடி திறப்பதாயின், கல்லீரலும் இரைப்பையும் மடிப்பும் தழும்பால் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். அவற்றைப் பிரிப்பதற்குள் உணவுக்குழாயே கிழிந்துவிடலாம். போயம் முறையில் அப்பகுதிக்கே போக வேண்டுவதில்லை. முந்திய கீறல் முன்புறத்தில் இருந்தால் இவர்கள் பின்புறத்தைத் தேர்ந்துகொள்கின்றனர். அங்கே தசை கைபடாமல் இருக்கின்றது, தழும்பும் குறைவு. ஒரு வீட்டின் முன்கதவு துருப்பிடித்து அசையாதபோது கொல்லைப்புறக் கதவைத் திறப்பதற்கு ஒப்பானது இது. ஆயினும் எளிதென்று எண்ணிவிடலாகாது. வாயிலருகே சில இடங்களில் உட்தோல் தசையோடு ஒட்டியிருக்கும். சுரங்கம் தோண்டுகையில் கிழிபடும். குருதிக் கசிவும், வயிற்றறையில் வாயு புகுதலும் நேர்வதுண்டு. பழகிய கைகளே இதனைச் செய்தல் வேண்டும்.

பயன் எவ்வளவு? இதற்கு விடை சொல்லும் நல்ல ஆய்வு ஆம்சுடர்டாம் மருத்துவர் முன்னின்று நடத்தி 2023இல் வெளிவந்தது. ஹெல்லர் அறுவைக்குப் பின்னும் துன்பம் நீங்காத 90 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். 45 பேருக்கு பலூன். 45 பேருக்கு போயம். ஓராண்டு சென்றபின் பார்த்தபோது போயம் பெற்றோரில் 28 பேர் நலம் பெற்றிருந்தனர். பலூன் பெற்றோரில் 12 பேரே. நூற்றுக்கு 62, நூற்றுக்கு 27 என்று கூறலாம். நலம் என்பதை அளந்தது எக்கார்ட் அளவுகோல். விழுங்க இயலாமை, எதிர்க்களித்தல், மார்புவலி, எடைக்குறைவு ஆகிய நான்கிற்கும் சுழி முதல் மூன்று வரை புள்ளியிட்டு, மொத்தம் மூன்றுக்கு மேற்படாதிருந்தால் வெற்றி என்பர். இடையில் வேறு சிகிச்சை தேவைப்பட்டால் அதுவும் தோல்வியே.

இந்த எண்களை இரு கண்ணாலும் பார்க்க வேண்டும். பலூனைவிட போயம் இருமடங்குக்கும் மேலாக வென்றது உண்மை. பல மருத்துவமனைகளில் அறுவை தோற்றவுடன் முதலில் பலூனை முயலும் வழக்கம் இருந்துவந்தது. அவ்வழக்கத்தை இவ்வாய்வு கேள்விக்குள்ளாக்கியது. அதே சமயத்தில் நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பேர் போயத்தாலும் நலம் பெறவில்லை. எந்தச் சிகிச்சையும் முன்பு பெறாத நோயாளிகளிடம் போயத்தையும் பலூனையும் ஒப்பிட்ட 2019ஆம் ஆண்டு ஆய்வில், இரண்டாண்டு முடிவில் போயத்தின் வெற்றி நூற்றுக்கு 92, பலூனுடையது 54. இரண்டாம் முறை செய்யப்படும் எதுவும் முதன்முறை போல் அமைவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. விளம்பரத்தில் காணும் 92ஐ நம்பி, ஏற்கெனவே அறுவை செய்துகொண்டவர் மருத்துவமனை வாசலில் நிற்பாரானால், அவருக்கு உரிய எண் அதுவன்று என்று யாரேனும் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு விலையும் உண்டு. போயம் செய்வோர் மடிப்பு ஒன்றும் போர்த்துவதில்லை. ஆகவே அமிலம் மேலேறுகின்றது. முதற் சிகிச்சையாக போயத்தையும் ஹெல்லர் அறுவையையும் ஒப்பிட்டு 2019இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில், விழுங்கும் ஆற்றலில் இரண்டும் சமமாகவே நின்றன. ஆனால் இரண்டாண்டுக்குப் பின் உணவுக்குழாயில் அமிலப்புண் கண்டவர், போயம் பெற்றோரில் நூற்றுக்கு 44 பேர். ஹெல்லர் பெற்றோரில் 29 பேர். முன்னைய மடிப்பு இன்னும் இருப்பவருக்கு அது ஓரளவு காப்பாக அமையலாம். எனினும் பலர் அமிலத்தை அடக்கும் மாத்திரையை நெடுநாள் உண்ண வேண்டியிருக்கும். நெஞ்செரிச்சல் தோன்றாமலே புண் உண்டாவதும் உண்டு. அதனால் துன்பம் இல்லையென்று அகநோக்குச் சோதனைக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது.

போயமும் பயன் தராவிட்டால் பலூனைக் கொண்டு விரிக்கலாம். வேறொரு பக்கத்தில் மீண்டும் போயம் செய்யலாம். குழாய் பெருத்து வளைந்து பயனற்றுப் போனவர்க்கு, அதனையே எடுத்துவிட்டு இரைப்பையை மேலிழுத்து இணைக்கும் பெரிய அறுவை உண்டு. அது கடைசிப் படி; மருத்துவர்கள் எளிதில் அங்கே ஏறுவதில்லை.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் போயம் செய்யும் மருத்துவமனைகள் உள்ளன. அங்குச் செல்பவர் தம் பழைய அறுவைக் குறிப்பைத் தேடி எடுத்துச் செல்வது மிக நல்லது. கீறல் எந்தப் பக்கத்தில் இடப்பட்டது, இரைப்பைக்குள் எத்தனை சென்டிமீட்டர் சென்றது, எவ்வகை மடிப்புப் போர்த்தப்பட்டது என்னும் மூன்று செய்திகளும் அதில் இருக்கும். முன்னைய பேரியப் படங்களும் இருந்தால் புதிய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பலர் அவற்றை எறிந்துவிடுகின்றனர். நோய் தீர்ந்தது என்னும் மகிழ்ச்சியில் எறிவதுதான். பத்தாண்டு கழித்து மீண்டும் சோறு நெஞ்சில் நிற்கும்போது அந்தத் தாளின் அருமை தெரிகின்றது.

சிகிச்சை வென்றாலும் இழந்த அலை பெரும்பாலும் திரும்புவதில்லை. வாயில் திறந்திருக்க, உணவு தன் எடையாலேயே இறங்குகின்றது. முன்னே தலைகீழாக நின்று நீர் பருகுவதைச் சொன்னேன். இவர்களால் அது இயலாது. ஆதலின் நிமிர்ந்து அமர்ந்து, நன்கு மென்று, இடையிடையே நீர் பருகி உண்ண வேண்டும். உண்டவுடன் படுக்கலாகாது, இரவு உணவுக்கும் உறக்கத்திற்கும் மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கட்டிலின் தலைப்பக்கத்துக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்திக்கொள்வதும் உதவும்.